சூப் குடுத்தா கறி குடுத்த கணக்காயிடுமா?

ஆறேழு மாசக் குழந்தை வச்சிருக்கிற யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, "பாப்பாவுக்கு கறி ஆரம்பிச்சாச்சா"ன்னு. "ஓ, சூப் குடுக்குறோமே"ன்னு தான் பதில் வரும். நெஞ்செலும்பையோ ஆட்டுக்காலையோ குக்கர்ல போட்டு நல்லா விசில் விட்டு, தண்ணியை வடிகட்டி, அந்த தண்ணியில சாதத்தை மசிச்சு ஊட்டிடுவாங்க, எலும்புல ஒட்டிட்டு இருந்த கறி அப்பா தட்டுக்கோ மாமா தட்டுக்கோ போயிடும். குழந்தைக்கு நல்ல சத்து இறங்கிடுச்சுன்னு வீட்ல எல்லாருக்கும் திருப்தி, ஆனா உண்மையில சத்து சாப்பிட்டது மாமா தான்.

கோவிச்சுக்காதீங்க, சூப்பு மேல எனக்கு ஒரு பகையும் இல்ல, சளி பிடிச்சா மிளகு தூக்கலா போட்டு நானும் குடிப்பேன். ஆனா ஆறு மாசத்துல குழந்தைக்கு கறி குடுக்க சொல்றதே முக்கியமா இரும்புச்சத்துக்காகவும் ஜிங்குக்காகவும் தான், அது ரெண்டும் கொஞ்சம் தண்ணியில இறங்கினாலும் பெரும்பாலும் அந்த சக்கையிலயே தான் தங்கும். அந்த வயசுல வயிறே ஒரு கைப்பிடி தான், அதுல ஒரு கிண்ணம் தண்ணியை ஊத்தி நிரப்பிட்டா அப்புறம் உருப்படியா எதுக்கு இடம் இருக்கும் சொல்லுங்க. போதாக்குறைக்கு வீட்டு சூப்னா உப்பும் இருக்கும், ஒரு வயசு வரைக்கும் உப்பே சேர்க்க வேணாம்னு தான் டாக்டருங்க சொல்றாங்க.

இந்த இரும்புச்சத்து விஷயத்தை கொஞ்சம் விளக்கமா சொல்லிடறேன், ஏன்னா இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். குழந்தை பிறக்கும்போதே அம்மாகிட்ட இருந்து இரும்புச்சத்தை சேமிச்சு எடுத்துட்டு தான் வருது, அதுவும் அதிகமா சேர்றது கடைசி மூணு மாசத்துல (குறைமாசத்துல பிறந்த குழந்தைங்களுக்கு டாக்டர் முன்னாடியே அயர்ன் டிராப்ஸ் எழுதுறது இதனால தான்). அந்த சேமிப்பு சுமாரா ஆறு மாசத்துக்கு வரும். தாய்ப்பால்ல இருக்கிற இரும்பு உடம்புல நல்லா ஒட்டும், ஆனா அளவு ரொம்ப கம்மி. அதே நேரம் குழந்தை மடமடன்னு வளருது, ரத்தம் பெருகணும், மூளை வளரணும். அமெரிக்கக் கணக்குல 7 மாசத்துல இருந்து 12 மாசம் வரைக்கும் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்பு சொல்றாங்க, வளர்ந்த ஆம்பளைக்கே 8 தான்! நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் கணக்கு இதை விட கம்மி தான், ஆனாலும் கூழையும் பாலையும் மட்டும் வச்சு அதை எட்டிப் பிடிக்கிறது சுலபம் இல்ல.

2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைங்கள்ல 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, இந்தியா மொத்தத்துக்கு 67.1. இதுல எல்லாமே இரும்புச்சத்து குறையால வந்ததுன்னு சொல்ல முடியாது, ஆனா பெரிய காரணம் அது தான். சாப்பாட்டுக்கு வழியில்லாத வீட்டுப் பிரச்சனைன்னு நினைக்காதீங்க, நம்மள மாதிரி ஞாயித்துக்கிழமை ஆனா பிரியாணி வாசனை வர்ற வீட்டுக் குழந்தைங்களும் இதுல உண்டு. வீட்ல கறி இருக்கும், குழந்தை வாய்க்கு தான் போகாது.

உடனே ஒருத்தர் வந்து ராகியில இல்லாத இரும்பான்னு கேப்பாங்க. இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா ராகி, பருப்பு, கீரையில இருக்கிற இரும்பு வேற வகை, ஃபைட்டேட், டானின் மாதிரி சமாச்சாரமெல்லாம் கூடவே இருந்து அதை உடம்புல சேர விடாது. கறியில இருக்கிற ஹீம் இரும்பை உடம்பு இதை விட நல்லா இழுத்துக்கும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, ஒரே வேளையில பருப்பு சாதத்தோட ஒரு ஸ்பூன் கறி சேர்த்தா, அந்த பருப்புல இருக்கிற இரும்பும் கூடுதலா உடம்புல சேருமாம். அதனால ராகியை தூக்கிப் போட சொல்லல, முளைகட்டி அரைச்சு வைங்க, கால்சியத்துக்கு அதை அடிச்சுக்க ஆளே இல்ல. கறியையும் கூட சேர்த்துக்கோங்க, அவ்வளவு தான்.

எங்க வீட்ல நான் கறின்னு வாயைத் திறந்த உடனே அம்மா சொன்னது, "பல்லே முளைக்கல, அதுக்குள்ள கறியாடி?" அத்தை அதுக்கு ஒரு படி மேல போயி, "செரிக்காதும்மா, மாந்தம் கட்டிடும், ஒரு வயசு ஆகட்டுமே, மொட்டை போட்டுட்டு வந்து குடுக்கலாம்"னாங்க. நான் எதிர்த்து பேசல, அத்தையையே கூட்டிட்டு டாக்டர்கிட்ட போனேன் (இது ஒரு டெக்னிக், புருஷன் சொன்னா கேக்க மாட்டாங்க, கூகுள் சொன்னா சுத்தமா கேக்க மாட்டாங்க, வெள்ளை கோட்டு சொன்னா கேப்பாங்க). டாக்டர் சொன்னது சிம்பிள், முன்பல்லு இருந்தாலும் அதால கறி மெல்ல முடியாது, மெல்றது கடைவாய்ப்பல்லு, அது ஒரு வயசு தாண்டி தான் வரும், அதுக்காக அதுவரைக்கும் காத்திருந்தா முக்கியமான நேரமெல்லாம் போயிடும், நீங்க அரைச்சு குடுங்க, மிச்சத்தை ஈறு பாத்துக்கும். ஆறு மாசத்துல குழந்தை வயித்தால கறியோட புரோட்டீனை செரிக்க முடியும்னும் சொன்னாங்க. உலக சுகாதார நிறுவனம் 2023ல கொண்டு வந்த வழிகாட்டியும் 6 மாசத்துல இருந்து 23 மாசம் வரைக்கும் கறி, மீன், முட்டைல ஏதாவது ஒண்ணு தினமும் இருக்கணும்னு தான் சொல்லுது. ஆனா ஒண்ணு, குழந்தைக்கு கழுத்து நிக்கணும், பிடிச்சு உக்கார வச்சா உக்காரணும், வாயில வச்சதை நாக்கால வெளிய தள்ளுறது நின்னுருக்கணும். இதெல்லாம் வந்தப்புறம் தான் எந்த சாப்பாடும்.

அத்தை சொன்னதுல ஒண்ணு மட்டும் நான் அப்படியே எடுத்துக்கிட்டேன், புதுசா எது குடுத்தாலும் காலையிலயோ மதியமோ குடு, ராத்திரி குடுக்காதன்னாங்க. ஏதாவது ஒத்துக்காம போனா பகல்ல பாத்துக்கலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோ தேடி அலைய வேணாம் பாருங்க. முட்டை, மீன் அளவுக்கு கறி அலர்ஜி சகஜம் இல்ல, இருந்தாலும் ஒரு நேரத்துக்கு ஒரு புது ஐட்டம் போதும்.

சரி, இப்ப கடைக்கு வருவோம். நாங்க இருக்கிறது சைதாப்பேட்டை பக்கம், பாய் கடைக்கு ஞாயித்துக்கிழமை கூட்டத்துல போயி "குழந்தைக்கு பாய், நல்லதா குடுங்க"ன்னா வேலைக்கு ஆகாது, பின்னாடி நாலு பேர் மூணு கிலோ பிரியாணி கறிக்கு நிப்பாங்க. வாரநாள் காலையில போங்க. இளசான வெள்ளாட்டுக்கறி, தொடையில எலும்பு இல்லாம, கொழுப்பையும் ஜவ்வையும் எடுத்துட்டு கால் கிலோ கேளுங்க. குழந்தைக்குன்னு சொன்னா முகம் சுளிக்காம தனியா பாத்து வெட்டிக் குடுப்பாங்க. கைமாவா போட்டு வாங்காதீங்க, முழுசா வாங்கிட்டு வந்து வீட்ல செஞ்சுக்கோங்க, ஏன்னா வெட்டுக்கட்டையில கொத்தும்போது சின்னச் சின்ன எலும்புச் சில்லு, சமயத்துல மரத்தூள் கூட ஒட்டும், நம்ம தட்டுல வந்தா துப்பிடலாம், அதுக்கு துப்பத் தெரியுமா? மெஷின்ல அரைச்சா முன்னாடி என்ன அரைச்சாங்கன்னு தெரியாது.

செய்யறது பெரிய வித்தை இல்ல. கறியை சின்னத் துண்டா போட்டு, மஞ்சத்தூள் ஒரு சிட்டிகை, இஞ்சி ஒரு துண்டு, சீரகம் கொஞ்சம், தண்ணி மூழ்குற அளவுக்கு, குக்கர்ல வச்சு கையால நசுக்கினா நார் நாரா பிரியுற வரைக்கும் விசில் விடுங்க. சாதம் வைக்கும்போதே உள்ள ஒரு கிண்ணத்துல கறியையும் வச்சிடலாம்னு தோணும், சிக்கனுக்கு அது சரி வரும், மட்டனுக்கு சாதத்தோட விசில் பத்தாது. உப்பு, மிளகாய் வேணாம். வெந்ததும் சுடச்சுட மிக்ஸியில போடாதீங்க, ஆற விடுங்க, ஆறின கறி தான் பொடி மாதிரி நைஸா அரையும், அப்புறம் வேக வச்ச தண்ணியை கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி இட்லி மாவு பதத்துக்கு கொண்டு வாங்க. அந்த தண்ணியில இறங்கினதும் வீணா போகல பாருங்க, சூப் பிரியர்களுக்கும் சந்தோஷம். இன்னொண்ணு, மிளகாய்ச் சட்னி அரைக்கிற ஜார்ல அரைக்காதீங்க, எவ்வளவு கழுவினாலும் காரம் அதுல ஒளிஞ்சிருக்கும், குழந்தைக்குன்னு ஒரு சின்ன ஜார் தனியா வச்சுக்கோங்க.

ரெண்டு ஸ்பூன் கறியை மட்டும் மிக்ஸியில போட்டா அது சுத்தி ஓரத்துல போயி ஒட்டிக்கும், அரையாது. அதனால கால் கிலோவையும் மொத்தமா அரைச்சு ஐஸ் டிரேல ஊத்தி ஃப்ரீசர்ல வச்சிடறது தான் என் வழி, கட்டியானதும் டப்பால மாத்திட்டு மேல தேதி எழுதிடுவேன், ஒரு மாசத்துக்குள்ள தீத்துடணும். வேணுங்கிறப்ப ஒரு கட்டியை எடுத்து நல்லா கொதிக்க வச்சு ஆறவச்சு சாதத்துல பிசைஞ்சுடலாம். ஒரு தடவை சூடு பண்ணதை மறுபடி ஃப்ரீசர்ல வைக்காதீங்க, குழந்தை வாயில வச்ச ஸ்பூன் பட்ட மிச்சத்தையும் எடுத்து வைக்காதீங்க. மனசு கேக்காது தான், மட்டன் விக்கிற விலைக்கு அந்த மிச்சத்தை பல தடவை நானே நின்னுட்டே சாப்பிட்டிருக்கேன். மே மாச கரண்ட் கட்டுல ஃப்ரீசர் ரொம்ப நேரம் நின்னு கட்டி இளகிடுச்சுன்னா மட்டும் பாவம் பாக்காம தூக்கிப் போட்டுடுங்க.

முதல் தடவை ஒரு டீஸ்பூன் போதும். மூஞ்சியை அஷ்டகோணலா சுளிக்கும், துப்பும், உங்களை துரோகி மாதிரி பாக்கும். அதை வச்சு பாப்பாவுக்கு கறி பிடிக்கலன்னு தீர்ப்பு எழுதிடாதீங்க, புது ருசி பழக குழந்தைங்களுக்கு பத்து தடவை கூட ஆகலாம், விட்டு விட்டு குடுத்துட்டே இருங்க. தனியா பிடிக்கலன்னா பூசணிக்காய், கேரட், உருளைக்கிழங்கோட சேர்த்து அரைச்சா அந்த இனிப்புல உள்ள போயிடும். 8 மாசம் ஆனா நைஸா அரைக்கிறதை விட்டுட்டு கொரகொரப்பாக்கணும், 9, 10 மாசத்துல கைமா பதம், அப்புறம் கையில எடுத்து சாப்பிடுற மாதிரி பிச்சுப் போட்ட சிக்கன் நார். இதுல தான் நிறைய பேர் மிக்ஸியை விட மாட்டேங்கறாங்க, ஒன்றரை வயசு வரைக்கும் அரைச்சே குடுத்துட்டு பின்னாடி மெல்லவே மாட்டேங்குதுன்னு புலம்புவாங்க. தொண்டையில மாட்டிக்குமோன்னு பயம் நியாயம் தான், அதனால உருண்டையா கட்டியா குடுக்காதீங்க, ஓடிட்டே இருக்கறப்ப ஊட்டாதீங்க, எலும்போட குடுக்காதீங்க. குழந்தை உவ்வேன்னு சத்தம் போட்டு இருமினா அது தானே சரி பண்ணிக்குது, பதறி வாயில விரல் விடாதீங்க. சத்தமே வராம முகம் நீலமானா தான் ஆபத்து, அதுக்கு முதுகுல தட்டுற முறையை வீட்ல குழந்தையை பாத்துக்கற எல்லாரும் டாக்டர்கிட்ட ஒரு தடவை நேர்ல கத்துக்கோங்க.

சிக்கனா மட்டனான்னா, ரெண்டும் தான், ஆனா இரும்புக்குன்னா மட்டன். பச்சைக்கறி 100 கிராமுக்கு ஆட்டுக்கறியில சுமாரா 3 மில்லிகிராம் இருக்கும், சிக்கன் நெஞ்சுக்கறியில ஒண்ணு கூட வராது, சிக்கன்னா தொடைக்கறி கொஞ்சம் பரவால்ல, மெத்துன்னும் இருக்கும். கோழி ஈரல் சுமாரா 9. விலையும் கம்மி, பஞ்சு மாதிரி அரையும், அதனால அதுலயே ஆரம்பிச்சா கூட தப்பில்ல, ஆனா ஈரல்ல வைட்டமின் ஏ எக்கச்சக்கம், வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேணாம், அதுவும் ஒரு டீஸ்பூன் அளவு தான். சுவரொட்டி தெரியும்ல, ஆட்டு மண்ணீரல்? புள்ளத்தாச்சிக்கு ரத்தம் ஊறும்னு தோசைக்கல்லுல மிளகு போட்டு சுட்டுக் குடுப்பாங்களே, அதுல 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் பக்கம் இரும்பு. எந்த லேப் ரிப்போர்ட்டும் இல்லாத காலத்துல நம்ம பாட்டிங்க சரியா அதைப் போயி பிடிச்சிருக்காங்க பாருங்க, எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம். கொஞ்சம் பெருசானப்புறம் நல்லா வேக வச்சு மத்த கறியோட துளி கலந்து குடுத்தேன், வாசனை தூக்கலா இருக்கும், தனியா சாப்பிடாது.

பிராய்லர் பத்தி சொல்லாம விட்டா கமெண்ட்ல சண்டை வரும். ஹார்மோன் ஊசி போடுறாங்க, பொண்ணு சீக்கிரம் வயசுக்கு வந்துடும்னு வாட்ஸ்அப் பூரா ஓடுது. கோழி ஆறு வாரத்துல வளர்றது ஊசியால இல்ல, பல தலைமுறையா வேகமா வளர்ற கோழியையே பாத்துப் பாத்து இனம் சேர்த்து, அதுக்கேத்த தீவனம் போடுறதால. உண்மையா கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் தான், அதுல மாற்றுக் கருத்து இல்ல. நாட்டுக்கோழி கிடைச்சா வாங்குங்க, கெட்டியா இருக்கும், கூடுதலா விசில் விடணும். கிடைக்கலன்னு கறியே குடுக்காம இருக்கறதுக்கு பிராய்லர் எவ்வளவோ மேல். எதுவா இருந்தாலும் உள்ள சிவப்பு தெரியக் கூடாது. பச்சை சிக்கனை குழாய்க்கு அடியில பீய்ச்சி கழுவினா கிருமி சிங்க் பூரா தெறிக்கும், கழுவக் கூடாதுன்னு சொன்னா நம்ம ஊர்ல யாரும் கேக்க போறதில்ல, அதனால பாத்திரத்துல தண்ணி வச்சு அலசிட்டு சிங்க்கையும் கையையும் சோப்பு போட்டு கழுவிடுங்க.

மீனும் இதே கணக்கு தான், சங்கரா, மத்தி, நெத்திலி நல்லது, முள்ளை விரலால தடவித் தடவி எடுக்கற பொறுமை வேணும். சுறா மட்டும் வேணாம். பால் ஊறும்னு எனக்கு சுறாப்புட்டா செஞ்சு போட்டாங்க, ஆனா பெரிய மீன்ல பாதரசம் சேரும், குழந்தைக்கு அது ஆகாது. கருவாடு உப்பு, அதுவும் இப்ப வேணாம்.

கறி ஆரம்பிச்சதும் டயப்பர்ல நாத்தம் மாறும், நிறம் கருக்கும், கொஞ்சம் இறுகும். அது சகஜம். சாப்பாட்டோட ரெண்டு மூணு ஸ்பூன் கொதிச்சு ஆறின தண்ணி குடுங்க, காய் பழம் சேருங்க. இறுகிப் போயி அழுதாலோ ரத்தம் தெரிஞ்சாலோ டாக்டர்கிட்ட போங்க. பசும்பால் டம்ளர் டம்ளரா குடுக்கற பழக்கத்தை மட்டும் ஆரம்பிக்காதீங்க, அதுல இரும்பு கிட்டத்தட்ட இல்ல, வயித்தையும் அடைச்சிடும்.

சைவ வீட்டுக்காரங்க எங்களுக்கு என்ன வழின்னு கேப்பீங்க. பருப்பு, கீரை, முளைகட்டின பயறு எல்லாத்தோடயும் எலுமிச்சம்பழம், தக்காளி, நெல்லிக்காய்னு ஒரு புளிப்பு சேருங்க, வைட்டமின் சி இரும்பை இழுத்துட்டு வரும். அம்மாவும் சுத்த சைவம், குழந்தை தாய்ப்பால் மட்டும்னா வைட்டமின் பி12 பத்தியும் டாக்டர்கிட்ட கேளுங்க, அது ரொம்ப முக்கியம். அரசாங்கத் திட்டத்துல 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவை 1 மில்லி அயர்ன் சிரப் உண்டு, அங்கன்வாடியில, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, கறி சாப்பிடுற வீட்டுக்கும் தான். பாலோட சேர்த்து குடுக்காதீங்க, மலம் கருப்பா போனா பயப்படாதீங்க.

இந்த சிரப்பு எங்க வீட்டுக்கு கை குடுத்தது புரட்டாசியில தான். அத்தை பெருமாள் விரதம், அந்த மாசம் பூரா அடுப்புல கறி ஏறாது, முட்டையும் கிடையாது. குழந்தைக்கு விரதம் இல்லன்னு வாதாடிப் பாத்தேன், தனிப் பாத்திரம்னு கூட சொன்னேன், "மூணு வேளையும் நான் தானேம்மா ஊட்டுறேன், நான் எப்படி அதை தொடுவேன்"னாங்க, அதுக்கு மேல என்ன சொல்றது. பருப்பு, எலுமிச்சை, சிரப்புன்னு ஓட்டினோம். விரதம் முடிஞ்சு வர்ற முதல் ஞாயித்துக்கிழமை சென்னையே கறிக்கடையில தான் நிக்கும், ஈரலும் சுவரொட்டியும் விடியறதுக்குள்ள தீந்துடும். வேணும்னா பாய்கிட்ட ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி எடுத்து வைக்க சொல்லிடுங்க.